மருத்துவப் பாடம்: உயர்ந்த வளைவுள்ள பாதமும் அதைத் தாங்கும் இன்சோலும்



நீங்கள் அனுப்பும் உதவி எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு, அறுவைச் சிகிச்சை அறையைப் பற்றியும் குழந்தைகள் வார்டைப் பற்றியும் நாங்கள் பலமுறை எழுதியிருக்கிறோம். மருத்துவமனையின் பின்புறத்தில் இருக்கும் காலணிப் பட்டறையைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. அங்கே ரப்பர் பசையின் வாசனையும் சாணை இயந்திரத்தின் ஓசையும் காலை முதல் மாலை வரை ஓயாது. அந்த அறையில் உருவாகும் ஒரு சிறு பொருளை இந்த இதழின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். அதன் பெயர் இன்சோல். காலணிக்குள் பாதத்தின் அடியில் வைக்கப்படும் தாங்கு தட்டு அது. பாத வளைவு இயல்புக்கு மேல் உயர்ந்திருப்பவர்களுக்கு அது என்ன செய்கிறது, என்ன செய்யாது, அதைக் கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய பாடம். இவற்றில் கடைசிப் பகுதியை நாங்கள் ஒரு தவறு செய்த பிறகே நன்றாகக் கற்றுக்கொண்டோம். ஆகவே அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

ஒரு நடத்துனரின் கால்கள்

சில ஆண்டுகளுக்கு முன் தனியார் பேருந்து ஒன்றில் நடத்துனராக இருந்த ஒரு சகோதரர் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். ஓடும் பேருந்தில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்கிறவர். மாலையில் இரண்டு குதிகால்களும் முன்பாதங்களும் தாங்க முடியாமல் வலிப்பதாகச் சொன்னார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் நான்கு முறை கணுக்கால் பிசகியிருந்தது. நகரத்துக் கடையில் பாத வளைவைத் தாங்கும் இன்சோல் ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார். அதைப் போட்ட பிறகு கால் முன்னைவிட அதிகமாகப் புரண்டது என்றார்.

செருப்பைக் கழற்றச் சொன்னோம். பாதத்தின் உட்புறம் ஒரு சிறு பாலம்போல் எழும்பி நின்றது. பெருவிரலின் அடியிலும் சுண்டுவிரலின் அடியிலும் தோல் காய்த்துத் தடித்திருந்தது. விரல்கள் கொக்கிபோல் மடங்கியிருந்தன. "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் டாக்டர். இது எங்க வீட்டுக் கால்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டு, அந்தச் சொல்லைக் கவனிக்காமல் விட்டோம். அது தவறு என்பதைப் பிறகு பார்ப்போம்.

பாதம் எப்படி அமைந்திருக்கிறது?

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. அவை மூன்று வளைவுகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உட்புறம் நீளவாக்கில் ஒன்று, வெளிப்புறம் நீளவாக்கில் ஒன்று, முன்பாதத்தில் குறுக்கே ஒன்று. குதிகாலிலிருந்து விரல்கள் வரை அடிப்பாதத்தில் ஓடும் கெட்டியான நார்ப்பட்டை, வில்லின் நாண்போல் இவ்வளைவைப் பிடித்திருக்கிறது. நாம் காலை ஊன்றும்போது வளைவு சற்றுத் தாழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. உந்தி எழும்போது மீண்டும் இறுகி, நெம்புகோலாக வேலை செய்கிறது.

வளைவு மிக உயர்ந்த பாதத்தில் இந்தத் தாழ்தல் சரியாக நடப்பதில்லை. பாதம் விறைப்பாக இருக்கிறது. நடுப்பாதம் தரையைத் தொடாததால் உடலின் பாரம் முழுவதும் குதிகாலிலும் முன்பாதத்திலும் மட்டுமே இறங்குகிறது. சிறிய இடத்தில் பெரிய பாரம் விழுவதால் வலியும் காய்ப்பும் வருகின்றன. அதோடு குதிகால் பெரும்பாலும் உட்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதனால் பாரம் பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போகிறது. ஒரு சிறு கல்லில் மிதித்தாலும் கணுக்கால் புரள்கிறது.

இப்போது கடை இன்சோல் ஏன் கெடுதல் செய்தது என்பது விளங்கும். கடையில் கிடைப்பவற்றில் பல, தட்டைப் பாதத்திற்காகச் செய்யப்பட்டவை. அவை உட்புற வளைவை மேலே தள்ளும். ஏற்கெனவே வெளிப்புறமாகச் சாய்ந்து நிற்கும் பாதத்தை அது மேலும் வெளியே தள்ளிவிடுகிறது.

வளைவு ஏன் உயர்கிறது?

சிலருக்குப் பிறவியிலேயே வளைவு சற்று உயர்ந்திருக்கும். வலியும் இல்லை, தொந்தரவும் இல்லை என்றால் அதற்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. ஆனால் வளைவு மிகவும் உயர்ந்திருந்தாலோ, வருடத்துக்கு வருடம் உயர்ந்துகொண்டே போனாலோ, நரம்பிலோ தசையிலோ காரணம் தேட வேண்டும். பாதத்தை மேலே தூக்கும் தசையும் வெளியே திருப்பும் தசையும் பலவீனமடைந்து, அவற்றுக்கு எதிராக இழுக்கும் தசைகள் பலமாகவே இருந்தால் பெருவிரல் பக்கம் கீழே அழுத்தப்படும், குதிகால் உள்ளே திரும்பும், வளைவு உயரும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்து ஆட்கள் களைத்துவிட்டதைப் போன்றது இது.

இதற்கான காரணங்களில் முக்கியமானது ஷார்க்கோ மாரி டூத் நோய் எனப்படும் பரம்பரை நரம்பு நோய். பிரான்சில் ஷார்க்கோ, மாரி என்ற மருத்துவர்களும் இங்கிலாந்தில் டூத் என்பவரும் 1886-ஆம் ஆண்டில் இதை விவரித்தார்கள். ஏறத்தாழ 2,500 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இதில் மிகுதியாகக் காணப்படும் வகையில், பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. முதலில் பாதமும் கீழ்க்காலும் மெலியும். பிறகு கைகளும் மெலியலாம். தொடு உணர்ச்சியும் குறையும்.

சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியவர்கள், முதுகுத்தண்டில் பிறவிக் குறை உள்ளவர்கள், வளைபாதத்துடன் பிறந்து சிகிச்சை முழுமையடையாதவர்கள் ஆகியோருக்கும் பாத வளைவு உயரலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். ஒரு காலில் மட்டும் புதிதாக வளைவு உயர ஆரம்பித்தால், முதுகுத்தண்டைப் பரிசோதிக்காமல் விடக்கூடாது. அங்கே ஒரு கட்டி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம்.

நாங்கள் செய்த தவறு

அந்தச் சகோதரருக்கு நாங்கள் மாவுக்கட்டில் அச்செடுத்து இன்சோல் செய்து கொடுத்தோம். வளைவு நன்றாகத் தாங்கப்பட வேண்டும் என்று சற்றுக் கெட்டியான பொருளில் செய்தோம். மூன்று வாரம் கழித்து வந்தார். "வலியே இல்லை டாக்டர்" என்றார். எங்களுக்கு மகிழ்ச்சி. அடுத்த நோயாளியை அழைக்க இருந்த நேரத்தில், பட்டறையில் வேலை செய்யும் மூத்த ஊழியர் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துக் காலுறையைக் கழற்றச் சொன்னார். வலது பாதத்தின் வெளி ஓரத்தில், ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில், இன்சோலின் விளிம்பு உராய்ந்து புண்ணாகியிருந்தது. காலுறையில் ஈரம் ஊறியிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

அதன்பிறகே முதல் நாளில் செய்திருக்க வேண்டியதை நாங்கள் செய்தோம். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டுப் பார்த்தோம். முன்பாதத்தில் பெரும்பகுதி மரத்திருந்தது. குதிகாலிலும் உள்மூட்டுகளிலும் வலி தெரிந்தது, தோலிலோ உணர்ச்சி குறைந்திருந்தது. கைகளைப் பார்த்தோம். பெருவிரலின் அடிச்சதை வற்றியிருந்தது. பேருந்தில் சில்லறை எடுக்கக் கொஞ்ச நாளாகவே தடுமாறுவதாகச் சொன்னார். "எங்க வீட்டுக் கால்" என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்ன சொல்லே நோயின் பெயரை எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தப் பாடம் எங்கள் பகுதிக்குப் புதியதல்ல. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அழிவது சதை தானாக அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால் காயம் கவனிக்கப்படாமல் போவதால்தான் என்று காட்டினார். உணர்ச்சியற்ற பாதங்களுக்காக வேலூரிலும் கரிகிரியிலும் பயன்பட்ட மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு, பிற்காலத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவியது. இவற்றையெல்லாம் படித்திருந்தும், எதிரே இருந்தவர் தொழுநோயாளி அல்ல என்பதால் நாங்கள் தொட்டுப் பார்க்கவில்லை. வலி இல்லை என்ற சொல் எப்போதும் நற்செய்தி அல்ல. தோலைக் கண்ணால் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.

இன்சோல் கொடுக்கும் முன் நாங்கள் இன்று பார்ப்பவை

1. ஈரச் சுவடு. பாதத்தை நனைத்து சிமெண்ட் தரையில் ஊன்றச் சொல்கிறோம். இயல்பான பாதத்தில் குதிகாலையும் முன்பாதத்தையும் இணைக்கும் அகலமான பட்டை தெரியும். உயர்ந்த வளைவில் அது நூலாக மெலியும், அல்லது இரண்டு தனித் திட்டுகளே தெரியும்.

2. குதிகாலின் சாய்வு. நோயாளியை நேராக நிற்கச் சொல்லி எதிரில் நின்று பார்க்கிறோம். குதிகாலின் உட்புறச் சதை முன்னாலிருந்தே எட்டிப் பார்த்தால், குதிகால் உள்ளே சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

3. மரக்கட்டைச் சோதனை. 1977-இல் கோல்மன் என்ற மருத்துவர் விவரித்தது. குதிகாலும் பாதத்தின் வெளி ஓரமும் ஒரு கட்டையின் மேல் இருக்க, பெருவிரல் பக்கம் கட்டைக்கு வெளியே கீழே இறங்கும்படி நிற்கச் சொல்கிறோம். அப்போது குதிகால் நேராகிவிட்டால் குதிகால் மூட்டு இன்னும் இளக்கமாக இருக்கிறது. கோணலுக்குக் காரணம் கீழே இறங்கியிருக்கும் பெருவிரல் பக்கமே. அப்படிப்பட்டவருக்கு இன்சோல் மிகுந்த பலன் தரும். நேராகாவிட்டால் மூட்டு இறுகிவிட்டது. அங்கே திருத்த முயலக்கூடாது, தாங்க மட்டுமே வேண்டும்.

4. தொடு உணர்ச்சி, கைகள், முதுகு, குடும்பம். இவை நான்கையும் ஒருபோதும் விடுவதில்லை.

இன்சோல் செய்யும் வேலை

இன்சோல் பாதத்தின் வடிவத்தை மாற்றாது. எலும்பை நேராக்காது. நரம்பைக் குணமாக்காது. பாதம் தரையிடம் இறங்கி வர முடியாதபோது, தரையைப் பாதத்திடம் உயர்த்திக் கொடுப்பதே அதன் வேலை. வளைவின் கீழிருக்கும் வெற்றிடம் மென்மையாக நிரம்பும்போது நடுப்பாதமும் பாரத்தில் பங்கெடுக்கிறது. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் சுமை குறைகிறது.

2006-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. உயர்ந்த வளைவும் நாட்பட்ட பாத வலியும் உள்ள 154 பேரில் ஒரு பகுதியினருக்கு அளவெடுத்துச் செய்த இன்சோலும், மற்றவர்களுக்குத் தாங்கும் தன்மை இல்லாத வெறும் இன்சோலும் கொடுத்தார்கள். மூன்று மாதங்களில் அளவெடுத்துச் செய்ததை அணிந்தவர்களுக்கு வலி தெளிவாக அதிகம் குறைந்தது. வெறும் இன்சோல் அணிந்தவர்களுக்கும் ஓரளவு குறைந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் பட்டறையில் செய்யும் இன்சோலில் ஐந்து பகுதிகளைக் கவனிக்கிறோம். பாதம் முழுவதையும் தொடும் மேற்பரப்பு முதலாவது. இரண்டாவது, குதிகால் அசையாதபடி சிறு கிண்ணம்போன்ற குழி. மூன்றாவது, பெருவிரலின் அடி எலும்பு இறங்கி அமர ஒரு பள்ளம். நான்காவது, முன்பாதத்தின் வெளிப்புறத்தை உயர்த்தும் ஆப்பு. மரக்கட்டைச் சோதனை செய்த அதே வேலையை இந்த இரண்டும் காலணிக்குள் செய்கின்றன. ஐந்தாவது, முன்பாதத்தில் பாரம் விழும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு மேடு. அது விழும் இடத்தின் மேலேயே வைக்கப்பட்டால் வலி கூடும். அரை அங்குலம் தவறினாலும் பயனில்லை. கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால் குதிகாலின் கீழ் சிறிது உயரமும் சேர்க்கிறோம். உணர்ச்சி உள்ளவருக்கு ஈ.வி.ஏ. போன்ற சற்று உறுதியான பொருள் ஏற்றது. உணர்ச்சி குறைந்தவருக்கு மேலே மென்மையான எம்.சி.ஆர். ரப்பரும் கீழே உறுதியான அடித்தளமும் வேண்டும். விளிம்பு எங்கும் கூர்மையாக இருக்கக்கூடாது.

காலணியும் முக்கியம்

நம் ஊரில் பெரும்பாலோர் அணிவது ரப்பர் செருப்பு. அதில் எந்த இன்சோலும் நிற்காது. பின்வாரும், ஆழமும், அகலமான முன்பகுதியும் உள்ள செருப்போ ஷூவோ தேவை. ஷூவில் ஏற்கெனவே இருக்கும் அட்டையை எடுத்துவிட்டே இதை வைக்க வேண்டும். இல்லையென்றால் குதிகால் மேலே ஏறி, ஷூ கழன்றுவிடும். எங்களிடம் வருகிறவர்களில் பலருக்குச் செருப்பிலேயே இன்சோலை ஒட்டித் தைத்துக் கொடுக்கிறோம். வீட்டுக்குள் செருப்பு அணிவது நம் வழக்கமல்ல. ஆனால் உணர்ச்சியற்ற பாதமுள்ளவர் வீட்டுக்குள்ளும் அணிய வேண்டும். அதற்கென்று சுத்தமான தனி ஜோடி ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் அணியட்டும். பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டலாம். ஒவ்வொரு முறையும் கழற்றியவுடன் பாதத்தைப் பார்க்க வேண்டும். சிவப்புத் தடம் அரை மணி நேரத்துக்குள் மறையவில்லை என்றால் அணிவதை நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு வர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்சோலைக் காட்ட வேண்டும். மெத்தை அமுங்கிப்போனால் அது வெறும் அட்டைதான். வளரும் பிள்ளைகளுக்குக் கால் வளர வளர மாற்ற வேண்டும்.

இதோடு சில பயிற்சிகளும் உண்டு. சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் பதித்து முப்பது விநாடி நிற்பது. மடங்கிய விரல்களைக் கையால் நீவி நேராக்குவது. சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று பழகுவது. இன்சோல் பாதத்தைத் தாங்கும், பயிற்சி இறுக்கத்தைத் தாமதப்படுத்தும்.

புண் ஆறாமல் திரும்பத் திரும்ப வந்தாலோ, கணுக்கால் ஓயாமல் பிசகினாலோ, மூட்டுகள் இறுகிக்கொண்டே போனாலோ இன்சோல் மட்டும் போதாது. தசைநாணை இடம் மாற்றுவதும் எலும்பை வெட்டி நேராக்குவதும் அப்போது உதவும். சரியான காலத்தில் அறுவைச் சிகிச்சைக்கு அனுப்புவதும் பட்டறையின் கடமையே.

மகளின் சுவடு

அந்தச் சகோதரரின் புண் ஆற ஐந்து வாரம் ஆனது. புதிய இன்சோலை மென்மையாகச் செய்து, பின்வார் செருப்பில் ஒட்டிக் கொடுத்தோம். அடுத்த முறை வரும்போது மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்து வரும்படி கேட்டோம்.

ஒன்பது வயது மகள் நனைந்த பாதத்தோடு சிமெண்ட் தரையில் நடந்தாள். அவள் பின்னால் இரண்டு இரண்டு திட்டுகளாகச் சுவடு விழுந்தது. பட்டைகள் இல்லை. நடக்கும்போது முழங்காலைச் சற்று அதிகமாகத் தூக்கினாள், ஏனென்றால் பாதத்தின் முன்பகுதி தரையில் இடித்தது. தகப்பனார் வெகுநேரம் அந்தச் சுவடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடினா விழுவா டாக்டர். பார்த்து நடக்கத் தெரியாதான்னு அடிச்சிருக்கேன்" என்றார். பிறகு பேசவில்லை. எங்கள் ஊழியர் அவரருகில் உட்கார்ந்து, "உங்களுக்கு இது முப்பது வயசுக்கு மேலதான் தெரிஞ்சுது. பாப்பாவுக்கு ஒன்பதிலேயே தெரிஞ்சுபோச்சு அண்ணே" என்று சொன்னார்.

அதில் உண்மை இருந்தது. அவளுடைய குதிகால் மரக்கட்டையின் மேல் நேரானது. மூட்டு இறுகவில்லை. இன்று அவள் கணுக்காலையும் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையை இன்சோலோடு அணிகிறாள். நோயை நாங்கள் குணமாக்கவில்லை. அதற்கு நிச்சயமான மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் அவள் பள்ளிக்கு விழாமல் நடந்து போகிறாள். வீட்டில் யாரும் அவளைக் கவனமில்லாதவள் என்று சொல்வதில்லை. தகப்பனார் ஒவ்வொரு இரவும் தம் பாதத்தைப் பார்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பின்புறம் தெரியாத இடத்தை மகள் பார்த்துச் சொல்கிறாளாம்.

வீட்டில் செய்து பார்க்க

குடும்பத்தோடு ஒருநாள் இதைச் செய்து பாருங்கள்.

1. எல்லோரும் பாதத்தை நனைத்துத் தரையில் ஊன்றிச் சுவட்டைப் பாருங்கள். யாருடையதாவது இரண்டு திட்டுகளாக இருக்கிறதா?

2. பழைய செருப்புகளைக் கவிழ்த்துப் பாருங்கள். வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா?

3. அடிக்கடி தடுக்கி விழும் பிள்ளை இருந்தால், திட்டுவதற்கு முன் அதன் பாதங்களைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள மருத்துவரிடம் காட்டுங்கள்.

4. சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இருந்தால், வலி இல்லை என்று அவர்கள் சொன்னாலும் தினமும் அடிப்பாதத்தைப் பார்க்க உதவுங்கள்.

ஓர் இன்சோல் ஒரு கைப்பிடி ரப்பரும் பசையும் அரை நாள் உழைப்பும்தான். அதைக் கொடுப்பதற்கு முன் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்க்க இன்னும் அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரத்தை ஒவ்வொருவருக்கும் கொடுக்க முடிகிறதென்றால் அதில் உங்கள் பங்கும் இருக்கிறது.